ஜூன் 11: அறிஞர் சித்திலெவ்வையை நினைக்கும் நாள்

எங்கள் கல்லூரித் தமிழ் இலக்கிய மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் பெரியோர்களின் பிறந்த தினங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அந்தந்த நாள் வரும்போது காலைக் கூட்டத்தில் மாணவி ஒருத்தி எழுந்து இரண்டு நிமிடம் அவரைப் பற்றிப் பேச வேண்டும். ஜனவரி 1 டி. பி. ஜாயா, ஒக்டோபர் 4 ஏ. எம். ஏ. அஸீஸ், டிசம்பர் 9 வங்காளத்து ரொக்கையா பேகம், டிசம்பர் 11 பாரதியார் என்று அந்தக் கொப்பி நீண்டுகொண்டே போகும். இம்முறை சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது ஜூன் 11. அறிஞர் எம். சி. சித்திலெவ்வை.

சாதாரண தரப் பரீட்சைக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பில் அவரைப் பற்றி ஐந்து வரிகள் இருந்தன. கண்டியில் பிறந்தார். சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதினார். ஸாஹிராக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். இந்த ஐந்தையும் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். மீதி ஒன்றரை நிமிடத்தை எப்படி நிரப்புவது என்ற கவலையில்தான் நான் அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

அன்றிரவு உம்மம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சற்று வியப்பு. பெரியவர்கள் மௌத்தான நாளில் யாஸீன் ஓதுவோம், கத்தம் ஓதிச் சோறு கொடுப்போம், பிறந்த நாளை எதற்காக நினைக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் ஒரு பதில் கிடைத்தது. ஒருவர் மறைந்த நாளில் அவருக்காகத் துஆச் செய்கிறோம். அவர் பிறந்த நாளில், அவர் வந்து சேர்ந்தபோது இந்த ஊரும் உலகமும் எப்படி இருந்தன என்று திரும்பிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால்தான் அவர் எதை மாற்றினார் என்பது தெரியும். மாற்ற முடியாமல் எதை எங்களிடம் விட்டுப் போனார் என்பதும் தெரியும்.

1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி முஹம்மது காஸிம் சித்திலெவ்வை கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசனைக் கண்ணால் கண்டவர்கள் தெருவில் நடமாடிய காலம் அது. மலைகளில் காடு வெட்டிக் கோப்பி பயிரிடத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓட இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. ஆட்சி, நீதிமன்றம், காணி உறுதி, வியாபாரக் கணக்கு எல்லாமே மெல்ல மெல்ல ஆங்கில மொழிக்கு மாறிக்கொண்டிருந்தன.

முஸ்லிம்கள் பெரும்பாலும் வியாபாரத்தில் இருந்தார்கள். கடை வைத்தார்கள், தவளம் கட்டிக்கொண்டு மலையேறி இறங்கினார்கள், இரத்தினக்கல் விற்றார்கள், தையல் வேலையும் கொத்து வேலையும் செய்தார்கள். பிள்ளைகள் பள்ளிவாசலை அடுத்த ஓதல் பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகினார்கள். அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழில் மார்க்க நூல்களை வாசித்தார்கள். அதோடு அவர்களுடைய படிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும்.

சித்திலெவ்வையின் வீடு அந்த வகையில் வேறுபட்டது. அவருடைய தந்தையே சட்டத் தொழில் செய்தவர். மகன் அறபும் தமிழும் கற்றார், ஆங்கிலமும் கற்றார், சிங்களமும் அறிந்திருந்தார். 1862இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் புரக்டராகப் பதிவு பெற்றார். இரண்டு ஆண்டுகளில் உயர் நீதிமன்றத்திலும் தொழில் செய்யத் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 26. பின்னர் கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார், சில காலம் நீதவானாகவும் கடமையாற்றினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? நல்ல தொழில், ஊரில் மரியாதை, கையில் பணம். இன்றைக்கும் எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் வந்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி ஓய்ந்துவிடுவோம். சித்திலெவ்வை ஓயவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது.

அவரை அசைத்தது எது என்பதை அவர் வாழ்ந்த சூழலைப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் நிற்கும் சட்டத்தரணிக்கு, தான் கைநாட்டு வைத்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத மனிதர்களைத் தினமும் காண வேண்டியிருக்கும். அதே வேளையில் மற்றச் சமூகங்கள் விழித்தெழுந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மிஷன் பாடசாலைகளைப் பார்த்த ஆறுமுக நாவலர், சைவப் பிள்ளைகள் தங்கள் சமயத்தை விடாமல் படிக்க வேண்டும் என்று 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1880இல் கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார். அதன் பிறகு பௌத்த பாடசாலைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றின.

முஸ்லிம்கள் மட்டும் ஒதுங்கி நின்றார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். அங்கே வேதாகமமும் படிப்பிப்பார்கள். பிள்ளை படித்துவிட்டு வரும்போது ஈமானோடு வருவானா என்ற பயம் பெற்றோருக்கு இருந்தது. போர்த்துக்கீசர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் மார்க்கத்துக்காக விரட்டப்பட்ட சமூகத்துக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. சித்திலெவ்வை அந்தப் பயத்தைக் கேலி செய்யவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் படிக்கக்கூடிய பாடசாலையை நாமே கட்டிவிட்டால் யாரும் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதே அவருடைய எண்ணம். இது இன்று சாதாரண விஷயமாகத் தெரிகிறது. நான் படிக்கும் கல்லூரியே அப்படிப்பட்டதுதான். அன்று இதைச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

முதலில் அதை ஊருக்குச் சொல்ல ஒரு வாய் வேண்டும். 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்டார். இலங்கை முஸ்லிம்களின் பத்திரிகை வரலாற்றில் அதற்கு ஒரு முக்கிய இடம் உண்டு. கல்வி வேண்டும், ஆங்கிலம் வேண்டும், வீண் செலவும் சண்டையும் வேண்டாம் என்று இதழுக்கு இதழ் எழுதினார். துருக்கியிலும் எகிப்திலும் இந்தியாவிலும் முஸ்லிம்களுக்கு என்ன நடக்கிறது என்ற செய்திகளையும் கொடுத்தார். சட்டநிருபண சபையில் முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்ற குரலும் அதில் ஒலித்தது. 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்டபோது அந்தக் கோரிக்கை நிறைவேறியது.

பத்திரிகை தொடங்கிய அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், ஒரு கப்பல் கொழும்புக்கு வந்தது. எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடித் தோற்ற அஹ்மத் ஒராபி பாஷாவையும் அவருடைய தோழர்கள் ஆறு பேரையும் நாடு கடத்தி இங்கே அனுப்பியிருந்தார்கள். அவர்களைப் பார்க்கக் கொழும்பு முஸ்லிம்கள் திரண்டு போனார்கள். எங்கள் மூத்தவர்கள் கல்யாணத்துக்கு அணிந்த துருக்கித் தொப்பி இந்த நாட்டில் பரவியது அந்த எகிப்தியரைப் பார்த்துத்தான். ஆனால் சித்திலெவ்வை அவர்களிடம் தொப்பியைத் தாண்டி வேறொன்றைக் கண்டார். முஸ்லிமாகவே இருந்துகொண்டு உலக அறிவிலும் படைத்துறையிலும் ஆட்சியிலும் தேர்ந்திருந்த மனிதர்கள் இதோ எங்கள் நடுவிலேயே வாழ்கிறார்கள் என்று சமூகத்துக்குக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஒராபி பாஷாவும் அவருடைய முயற்சிக்குத் தோள் கொடுத்தார்.

அந்த உற்சாகத்தில் 1884இல் கொழும்பில் 'அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' என்ற பாடசாலை திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியோடு உலகக் கல்வியும் கொடுப்பதற்காக முஸ்லிம்கள் தாமே தொடங்கிய பாடசாலை.

அது நிலைக்கவில்லை. போதிய ஆதரவு இல்லாமல் மூடப்பட்டது.

என்னுடைய ஐந்து வரிக் குறிப்பில் இந்தத் தோல்வி இல்லை. பரீட்சைக்கு வெற்றிகளை மட்டும்தான் கேட்பார்கள் போலும். ஆனால் எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் நெருக்கமாகத் தோன்றிய இடம் இதுதான். வருமானம் தரும் தொழிலைக் குறைத்துக்கொண்டு, கையிலிருந்த பணத்தைப் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பேசி ஒரு பாடசாலையைத் திறக்கிறார். திறந்த கதவு அவர் கண் முன்னாலேயே மூடப்படுகிறது. அதை மூடியது அரசாங்கம் அல்ல, வெள்ளைக்காரனும் அல்ல. யாருக்காகத் திறந்தாரோ அவர்களுடைய அலட்சியம்தான். அவரை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறார், பிள்ளைகளைக் கெடுக்கப் போகிறார் என்று பேசினார்கள். அந்த வயதில், அந்த நிலையில் இருந்த ஒருவர் சலித்துப்போய்க் கண்டிக்குத் திரும்பி வழக்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கதை எழுதினார்.

1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' இலங்கையில் பிறந்த முதல் தமிழ் நாவல். தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படும் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த வரிசையில் நிற்கும் புத்தகம் ஒன்று, கண்டியைச் சேர்ந்த முஸ்லிம் சட்டத்தரணி ஒருவர் எழுதியது என்பதை எங்கள் தமிழ்ப் பாடத்தில் கேட்டபோது வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எகிப்தில் உயர்ந்த குடும்பத்தில் பிறந்த அசன் என்ற குழந்தை திருடப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுபோகப்படுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்வி கற்று, பல இடர்களைத் தாண்டி, கடைசியில் தன் நாட்டுக்கும் தன் பெற்றோரிடமும் திரும்பிச் சேர்கிறான். கதையில் இலங்கை இல்லையே என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோரையும் பிறப்பையும் இழந்த பிள்ளை படிப்பாலும் நல்லொழுக்கத்தாலும் தன்னை மீட்டெடுக்கிறான் என்ற கதையை, பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய ஒரு சமூகத்துக்கு அவர் சொன்னார். பத்திரிகையில் கட்டுரையாகச் சொன்னதைக் கேளாதவர்கள் கதையாகச் சொன்னால் கேட்கக்கூடும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

மறுபடியும் பாடசாலைகள் பக்கம் திரும்பினார். மலைநாட்டில் தன்னால் முடிந்த ஊர்களில் எல்லாம் பாடசாலை வைக்க முயன்றார். படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே என்று அறபு படிப்பதற்கான நூல்களையும் எழுதினார். 'ஹிதாயதுல் காஸிமிய்யா', 'துஹ்பதுன் நஹ்வு' போன்றவை அப்படி வந்தவை. இலக்கணமும் தொழுகையின் சட்டங்களும் சிறு பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்று ஒரு சட்டத்தரணி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். படிப்பிப்பதற்கு அவருடைய சொந்தச் சகோதரியே துணை நின்றார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இந்திய முஸ்லிம்களின் கல்வித் தந்தை என்று போற்றப்படும் ஸேர் ஸையித் அஹ்மத் கான் அலிகாரில் கல்லூரியைத் தொடங்கியது 1870களில். சித்திலெவ்வைக்கு வழிகாட்டக்கூடிய பெரியவர் அவர். ஆனால் அவரே பெண்களுக்கென்று பாடசாலை திறக்கும் காலம் இன்னும் வரவில்லை, முதலில் ஆண்கள் படிக்கட்டும் என்று கருதியவர். அலிகாரில் பெண்கள் பாடசாலை வந்தது அவர் மறைந்த பிறகு, 1906இல். வங்காளத்தில் ரொக்கையா பேகம் கல்கத்தாவில் தன் பாடசாலையைத் தொடங்கியது 1911இல். அவரும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கான பாடசாலையே மூடப்பட்டுப்போன ஒரு சமூகத்தில், அது மீண்டும் எழுந்து நிற்பதற்கு முன்னாலேயே, 1891இல் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் நினைத்திருக்கிறார். முதலில் ஆண்கள், பிறகு பார்க்கலாம் என்று அவர் வரிசைப்படுத்தவில்லை.

அந்தச் சகோதரியைப் பற்றியும் நான் நிறைய யோசித்தேன். மேடையில் பேசுவது ஒன்று, வீட்டுப் பெண்ணையே அந்த வேலைக்கு முன்னால் நிறுத்துவது வேறொன்று. ஊர் பேசுவதாக இருந்தால் முதலில் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசியிருக்கும். அவர் வந்து நின்றார். படிப்பிக்க ஒரு பெண் இருக்கிறார், அவர் நல்ல குடும்பத்துப் பெண், மார்க்கம் தெரிந்தவர் என்று கண்ட பிறகுதான் ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்து அந்த வாசலுக்குக் கூட்டி வந்திருப்பார். எங்கள் கல்லூரியில் காலையில் வாயிலில் நின்று எங்களை வரவேற்கும் ஒவ்வோர் ஆசிரியைக்கும் அவர் மூத்தவர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1892 ஒகஸ்ட் 22ஆம் திகதி, மருதானைப் பள்ளிவாசலை அடுத்து ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. சித்திலெவ்வையின் பேச்சையும் எழுத்தையும் கேட்டு அந்த வேலையைக் கையில் எடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலைக் கட்டிடத்தைக் கட்டிய அதே பெரியவர். ஒராபி பாஷா அதற்குப் போஷகராக இருந்தார். ஒருவர் சொல்ல, ஒருவர் கட்ட, ஒருவர் துணை நிற்க, எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் திறந்து பின்னர் மூடப்பட்ட கதவு மறுபடி திறந்தது. இம்முறை அது மூடப்படவில்லை.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நானாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியிலிருந்து மருதானைக்குப் போனேன். வெயில், பஸ் இரைச்சல், நடைபாதைக் கடைகள். எத்தனையோ தடவை அந்த வழியால் போயிருக்கிறேன், ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. பள்ளிவாசலும் கல்லூரியும் அருகருகே நிற்கின்றன. சித்திலெவ்வை கேட்டது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டாம். ளுஹருடைய பாங்கு சொன்னபோது நாங்கள் இன்னும் தெரு ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

'ஞானதீபம்' என்ற இதழையும் பின்னாளில் அவர் வெளியிட்டார். வாழ்வின் கடைசிக் காலத்தில், 1897இல், 'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஆழமான தத்துவ நூலை எழுதினார். 1898 பெப்ரவரி 5ஆம் திகதி கண்டியில் வபாத்தானார். அப்போது அவருக்கு 59 வயது. அடுத்த மாதமே அலிகாரில் ஸேர் ஸையித் அஹ்மத் கானும் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1977இல், இலங்கை அரசாங்கம் சித்திலெவ்வையின் உருவத்தோடு முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரில் ஒரு வீதியும் ஒரு பாடசாலையும் இருக்கின்றன.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் இரவு, 1891இல் கண்டியில் பெண்கள் பாடசாலை தொடங்கிய விஷயத்தை உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்டிக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அப்படியானால் என்னை ஏன் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்று கேட்டார்.

உம்மம்மா குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுவார். அறபுத் தமிழ்க் கிதாபுகளைத் தண்ணீர் போல வாசிப்பார். ஆனால் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். மாமாவின் கல்யாணத் தஃப்தரில் பெண்களும் ஒப்பமிட வேண்டும் என்று யாரோ சொன்னபோது அவர் மெல்லக் குசினிப் பக்கம் போய்விட்டதாக உம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவர் ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரி. பெரிய பிள்ளையானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அது நடந்தது சித்திலெவ்வை கண்டியில் பெண்கள் பாடசாலை தொடங்கிக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மலைநாட்டில். பாடசாலை இல்லாமல் போகவில்லை. அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. இலவசக் கல்வியும் வந்துவிட்டது. வீட்டு வாசலைத் தாண்ட மட்டும் அனுமதி இருக்கவில்லை.

உம்மம்மாவின் வாப்பா கெட்டவர் அல்லர். மகள்மீது உயிரையே வைத்திருந்தவர் என்று உம்மம்மாவே சொல்வார். பயந்தார், அவ்வளவுதான். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தார், பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தார். 1838இல் இருந்த அதே பயம், வேறு உடுப்பில்.

அப்போதுதான் சித்திலெவ்வையின் வாழ்க்கை எனக்கு முழுதாக விளங்கியது. ஊருக்கு ஒரு பாடசாலையைத் திறந்து வைக்க ஒரு மனிதரால் முடியும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவரால் வந்து திறக்க முடியாது. அதை அந்தந்த வீட்டில் இருப்பவர்கள்தான், அந்தந்தக் காலத்தில், தாங்களாகவே திறக்க வேண்டும். அவர் தன் சகோதரிக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். மற்றவர்களிடம் அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு கதவு இருக்கிறது. நான் கலைப் பிரிவில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறேன். பல்கலைக்கழகத்திலும் தமிழையே சிறப்புப் பாடமாகப் படிக்க ஆசை. அப்படியானால் எனக்குப் பொருத்தமான இடம் பேராதனை. கொழும்பிலேயே ஏதாவது படித்தால் வீட்டிலிருந்து போய் வரலாம். பேராதனை என்றால் விடுதியில் நிற்க வேண்டும். உம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாப்பாவிடமும் சொன்னேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பெறுபேறு வரட்டும் பார்ப்போம் என்றார். வாப்பாவுடைய தயக்கம் எனக்குக் கோபத்தைத் தரவில்லை. அது அன்பிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உம்மம்மாவை நிறுத்திய தயக்கமும் அன்பிலிருந்துதான் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோர்களே, இந்தச் சஞ்சிகையை நீங்களும் வாசிப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் மார்க்கத்தை விட்டுவிட்டுப் போகக் கேட்கவில்லை. மார்க்கத்தையும் படிப்பையும் ஒன்றாகக் கொண்டுபோகலாம் என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் சொல்லி, தன் வீட்டிலேயே செய்தும் காட்டிவிட்டார். பயமாக இருந்தால் எங்களோடு வந்து பாருங்கள், கேளுங்கள், விசாரியுங்கள். சித்திலெவ்வையும் அவர் காலத்துப் பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யவில்லை. பயத்துக்கு வழி கண்டார். நாமும் சேர்ந்து ஒரு வழி காணலாம்.

ஜூன் 11 காலையில் கூட்டத்தில் நான் பேசினேன். இரண்டு நிமிடம் போதவில்லை. பொறுப்பாசிரியை கைக்கடிகாரத்தைக் காட்டியபோது நான் 1884இல்தான் நின்றுகொண்டிருந்தேன். மீதியைச் சஞ்சிகைக்கு எழுதித் தரும்படி சொன்னார். எழுதிவிட்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது உம்மம்மா முஸல்லாவில் இருந்தார். யாருக்காக என்று கேட்டேன். கண்டியில் பாடசாலை வைத்த அந்த மனிதருக்கும் அவருடைய சகோதரிக்கும் ஒரு யாஸீன் ஓதினேன் என்றார். பிறந்த நாளில் ஓதலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஓதலாம் என்று தலையசைத்தார். பிறகு என் தமிழ்க் கொப்பியை எடுத்து மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தக் கட்டுரையின் முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

வாப்பா கடையிலிருந்து வந்ததும் அவரிடமும் கொடுக்க வேண்டும்.

உயர்தரக் கலைப் பிரிவு மாணவி,
கொள்ளுப்பிட்டி.